ரேரா முகவர் பதிவு: படிப்பும் கேட்பதில்லை, அனுபவமும் கேட்பதில்லை

பாளையங்கோட்டை, கே.டி.சி. நகர் பக்கம் ரேரா (2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்ற லே-அவுட்டில் மனை விற்றுக்கொடுக்கும் தரகர், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்தாக வேண்டும். பழைய வீடு, வயல், தோப்பு மட்டும் கைமாற்றிக் கொடுப்பவருக்கு இது தேவையில்லை. பலர் இதைத் தெரியாமலே பயப்படுகிறார்கள்.

விண்ணப்பம் எளிது. பான் கார்டு, புகைப்படம், அலுவலக முகவரிச் சான்று, 3 நிதியாண்டு வருமானவரிக் கணக்கு ஆகியவை வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லாத வருமானம் என்றால் அதற்கு உறுதிமொழி கொடுக்கலாம். நம் ஊரில் சிக்குவது பெயரில்தான். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் நிற்கும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். அலுவலகம் வாடகைக்கு என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பதிவு 5 ஆண்டு செல்லும், மாநிலம் முழுதுக்கும் ஒரே எண். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம்.

பெரிய குறை வேறு. இந்தப் பதிவுக்கு 2016 சட்டம் எந்தத் தகுதியும் வைக்கவில்லை. கலிபோர்னியாவில் புரோக்கர் உரிமத்துக்கு 2 ஆண்டு அனுபவம் வேண்டும். ரியல் எஸ்டேட் பாடம் எடுத்த பட்டம் இருந்தால் அந்த அனுபவத்துக்கு ஈடாகும். எப்படி வந்தாலும் 8 பாடங்களும் தேர்வும் உண்டு. மகாராஷ்டிராகூட 2023-ல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கிவிட்டது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொண்டுவருகிறவரிடம் பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் பேரம் பேசலாம் என்பது சரியில்லை.

ஆகவே பாடத்திட்டத்தைத் தரகரே வகுத்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, ஏ-பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு), புல வரைபடம் ஐந்தையும் பக்கத்தில் வைத்து சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பழகுங்கள். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ். 1 ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். இந்தக் கணக்கில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் மனை என்றால் ஏ-பதிவேட்டில் நஞ்சையா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வைக்காதீர்கள். லே-அவுட்டில் சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கீகாரமில்லா மனை 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா என்பது அடுத்த கேள்வி. வரன்முறைப்படுத்துவதற்கு அந்தத் தேதிதான் எல்லை.

இந்தப் பதிவுச் சேவைக்கு என் மதிப்பெண் 5-ல் 3. லே-அவுட் மனை விற்றுக்கொடுக்கும் தரகர் தள்ளிப்போடாமல் பதிவு செய்யுங்கள். வாங்குகிறவர் தரகரின் பதிவு எண்ணோடு திட்டத்தின் எண்ணையும் கேட்டு, இரண்டையும் ஆணையத்தின் தளத்தில் சரிபாருங்கள்.