ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்தால்: சப்வூஃபருடன் நான்கு ஆண்டுகள்

என்னிடம் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கரும், உள்ளேயே ஆம்ப்ளிஃபயரும், முன்புறம் காற்றுத் துளையும் கொண்ட ஒரு சப்வூஃபர், அதாவது கீழ் ஸ்தாயி ஒலியை (பேஸ்) மட்டும் தரும் பெட்டி. ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்பில், ஒலியைப் பிரித்து அவற்றுக்கு அனுப்பும் ரிசீவருடன் அதை இணைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு மாதங்களில் அதை விற்றுவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். இன்றும் அதே பெட்டிதான், அதே அறைதான். ஆனால் குறை சொல்ல எதுவும் இல்லை. பெட்டியின் குறை என்று நான் எண்ணியவற்றில் பெரும்பாலானவை, ரிசீவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை சப்வூஃபரின் குமிழ்களிலும் நான் சேர்த்துச் செய்ததால் வந்தவை என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

இணைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரிசீவரின் பின்புறம் சப்வூஃபருக்கென்று இருக்கும் ப்ரீ-அவுட் என்ற வெளியீட்டுத் துளையிலிருந்து ஒற்றை ஆர்சிஏ கேபிள் ஒன்றை எடுத்து, சப்வூஃபரில் எல்எஃப்இ (படங்களில் பேஸுக்கென்றே இருக்கும் தனித் தடம்) என்று எழுதப்பட்ட துளையில் செருகினால் முடிந்தது. சப்வூஃபரின் இடது, வலது என்ற இரண்டு துளைகளிலும் செருகுவதற்காக ஒய் வடிவக் கேபிள் வாங்கச் சொல்வார்கள். பல சப்வூஃபர்களில் அது சிக்னலின் அளவைச் சற்று கூட்டுமே தவிர, ஒலியின் தரத்தை உயர்த்தாது. அந்த அளவைக் குமிழைத் திருகியே பெற்றுக்கொள்ளலாம்.

தலைவலி தொடங்கியது க்ராஸ்ஓவரில், அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையில். ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தேன். சப்வூஃபரின் பின்புறமும் க்ராஸ்ஓவர் என்று ஒரு குமிழ் இருந்ததால், இரண்டும் ஒத்துப்போகட்டும் என்று அதையும் 80இல் நிறுத்தினேன். ஒரே சிக்னல் இரண்டு வடிகட்டிகளைக் கடந்ததால், 80 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி தேவைக்கு மேல் வெட்டுப்பட்டது, ஃபேஸும் (அலைகள் ஏறி இறங்கும் நேரப் பொருத்தம்) நகர்ந்தது. முன் ஸ்பீக்கர்கள் விட்ட இடத்திலிருந்து சப்வூஃபர் எடுத்துக்கொள்ளாமல், நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. ஆண் குரல்கள் மெலிந்தும், டிரம் அடிகள் உயிரில்லாமலும் கேட்டதற்கு ஸ்பீக்கர்களைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். ரிசீவர் பிரித்துக் கொடுக்கும்போது சப்வூஃபரின் குமிழை அதன் உச்ச அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். எல்எஃப்இ அல்லது பைபாஸ் என்ற நிலை இருந்தால் அதில் விட்டுவிட வேண்டும்.

அடுத்த பிழையும் இதே இனம்தான். மைக்கை வைத்து ரிசீவர் தானே செய்துகொள்ளும் தானியங்கி அளவீடு முடிந்ததும் ரிசீவர் என் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று பதிவு செய்திருந்தது. பெரிய ஸ்பீக்கர் என்று கருவியே சொல்கிறதே என்ற பெருமையில் அதை அப்படியே விட்டேன். விளைவு, படங்களில் சப்வூஃபர் பேசியது, பாடல்களில் ஊமையாக இருந்தது. ஸ்டீரியோ பாடலில் தனி எல்எஃப்இ தடம் கிடையாது, முன் ஸ்பீக்கர்களின் பேஸை வெட்டி அனுப்பவும் ரிசீவருக்கு உத்தரவில்லை. இதைச் சரிசெய்கிறேன் என்று 'எல்எஃப்இ + மெயின்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது அதே பேஸை முன் ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் சேர்ந்து வாசித்தன. அறை முழுவதும் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆயிற்று. எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸில் பிரித்தபோதுதான் இரண்டு தொல்லைகளும் ஒருசேர நீங்கின. ஸ்மால் என்பது ஸ்பீக்கரின் உடல் அளவைக் குறிப்பதன்று. கீழ் ஸ்தாயியைச் சப்வூஃபரிடம் ஒப்படை என்ற கட்டளை மட்டுமே. சிறிய சாட்டிலைட் ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவர்கள் 100 அல்லது 120 வரை போகலாம். ஆனால் அந்த உயரத்தில் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், சப்வூஃபரை முன் ஸ்பீக்கர்களுக்கு அருகிலேயே வைப்பது நல்லது.

எல்எஃப்இ தடத்தை ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டும் லோ-பாஸ் என்று ரிசீவரில் தனியாக ஓர் அமைப்பு இருக்கும். அதற்கும் க்ராஸ்ஓவருக்கும் தொடர்பில்லை. எல்எஃப்இ தடம் 120 ஹெர்ட்ஸ் வரை இருக்கக்கூடியது ஆதலால், அதை 120இலேயே விட்டுவிடுங்கள்.

இனி, இடம். நான்கு ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களில் இதற்கு இணையாக வேறெதுவும் பலன் தரவில்லை. என் அறையின் நீளம் 5 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நீளவாக்கில் முதலில் நிலைகொள்ளும் அலை சுமார் 34 ஹெர்ட்ஸில் அமைகிறது. அதன் அழுத்தம் சுவரோரங்களில் உச்சமாகவும், அறையின் நட்ட நடுவில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் இருக்கும். என் சோபா இருந்தது அந்த நட்ட நடுவில்தான். படத்தில் வெடி வெடிக்கும்போது பின்சுவரில் சாய்ந்து நின்ற என் தம்பிக்கு வயிறு அதிர்ந்தது. சோபாவில் இருந்த எனக்கு வெறும் 'டப்' மட்டும் கேட்டது. நான் ஒலியைக் கூட்டக் கூட்ட அவன் காதைப் பொத்திக்கொண்டான். ஈக்குவலைசரில் 34 ஹெர்ட்ஸை உயர்த்தியும் பயனில்லை. அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றியதுபோல்தான், ஆம்ப்ளிஃபயரின் சக்தி வீணாகும். சோபாவை 70 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியதும் அந்தப் பேஸ் தானாக வந்து சேர்ந்தது.

சப்வூஃபருக்கான இடத்தைத் தேடத் தலைகீழ் முறையைக் கையாண்டேன். சப்வூஃபரைத் தூக்கி நான் அமரும் இடத்திலேயே வைத்துவிட்டு, பேஸ் கிட்டார் படிப்படியாகக் கீழே இறங்கும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முழங்காலிட்டுச் சுவரோரமாக நகர்ந்தபடி கேட்டேன். மூலையில் ஒலி மிக அதிகம். ஆனால் இறங்கும் ஸ்வரங்களில் ஒன்று மட்டும் வீங்கி, மற்றவற்றை விழுங்கிவிட்டது. முன்சுவரின் நடுவில் மூன்றாவது ஸ்வரம் காணாமலே போயிற்று. இடப்பக்கச் சுவரில், முன்மூலையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில், எல்லாப் படிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கேட்டன. அங்கேதான் பெட்டி இன்றுவரை இருக்கிறது. வீட்டார் அன்று என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

இடம் முடிவான பிறகே மைக்கை வைத்து அளவீடு செய்ய வேண்டும். பெட்டியை நகர்த்தினால் பழைய அளவீடு செல்லாது. அளவீட்டில் சப்வூஃபரின் தூரம் 4.1 மீட்டர் என்று வந்தது. டேப் வைத்து அளந்தால் 2.8 மீட்டர்தான். கருவி தவறிவிட்டது என்று நானே 2.8 என்று திருத்தினேன். டிரம்மின் அடி மழுங்கியது. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. கூடுதலாகக் காட்டிய 1.3 மீட்டர் என்பது ஏறத்தாழ 3.8 மில்லி விநாடி. டேப்பை நம்பியது என் பிழை. ஃபேஸ் சுவிட்சுக்கு மட்டும் காதை நம்பலாம்: 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கர்களிலும் சப்வூஃபரிலும் சேர்த்து ஓடவிட்டு, வேறொருவரை 0க்கும் 180க்கும் மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள், எதில் உரக்கக் கேட்கிறதோ அதுவே சரி. முதலில் முன்சுவரில் இருந்தபோது 0 பொருந்தியது. பக்கச் சுவருக்கு வந்த பின் 180.

ஒலியளவிலும் இரண்டு கைகள்தான். சப்வூஃபரின் குமிழை நடுவில் வைத்து அளவீடு செய்தபோது, ரிசீவர் அதற்கு −12 டெசிபல் கொடுத்தது. அது ரிசீவரின் கடைசி எல்லை. அதற்கும் கீழே குறைக்க அது விரும்பியிருக்கலாம், வழியில்லை. இதே காலத்தில் இரவில் ஒலியைக் குறைத்துப் பார்க்கும்போது சப்வூஃபர் தூங்கிவிடுவதும், திடீரென்று 'தொப்' என்று விழிப்பதுமாக இருந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ரிசீவர் அனுப்பும் சிக்னல் மிகச் சிறியதாக இருந்ததால், அதை உணர்ந்து விழிக்க வேண்டிய சுற்றுக்கு அது எட்டவில்லை. குமிழைப் பாதிக்கும் கீழே குறைத்து மீண்டும் அளந்தபோது −4 வந்தது. சப்வூஃபருக்கு 8 டெசிபல் கூடுதலான சிக்னல் கிடைத்தது; தூக்கமும் தெளிந்தது. என் விருப்பத்துக்காக 3 டெசிபல் மட்டும் கூட்டி −1இல் வைத்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் விடாத உறுமல் ஒன்று வந்து சேர்ந்தது. ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கினால் நின்றது. ஆகவே சப்வூஃபரின் ஆம்ப்ளிஃபயர் கெடவில்லை. ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பார்த்ததில், செட்டாப் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வரும் கேபிளை எடுத்ததும் அமைதியாயிற்று. அந்தக் கேபிள் வழியாக ஓர் எர்த், மின்செருகி வழியாக இன்னோர் எர்த் என இரண்டு பாதைகள் கூடி வளையமாகியிருந்தன. செட்டாப் பாக்ஸ் கேபிளில் ஒரு ஐசொலேட்டர் செருகியதும் தீர்ந்தது. செருகியின் எர்த் முனையை ஒடித்துவிட்டால் உறுமல் போய்விடும் என்று யோசனை சொல்வார்கள். அது உயிரோடு விளையாடுவது, செய்யவே கூடாது.

மூன்றாம் ஆண்டில் கேட்ட கரகரப்பைக் கூம்பு கிழிந்ததாக எண்ணிக் கலங்கினேன். பின்புற ஆம்ப்ளிஃபயர் தகட்டை விரலால் அழுத்தியதும் ஓசை நின்றது. அதிர்வில் நான்கு திருகுகள் தளர்ந்திருந்தன. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை முறுக்கிவிடுகிறேன்.

சென்ற மாதம் ரிசீவருக்கு வந்த மென்பொருள் புதுப்பிப்பு எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டது. டிவி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து, க்ராஸ்ஓவர் 80, லோ-பாஸ் 120, தூரம் 4.1, அளவு −1 என்று திரும்பப் பதித்தேன். மைக்கின் உதவியால் ரிசீவர் போட்டுத்தரும் ஈக்குவலைசர் திருத்தம் மட்டும் சீட்டில் இல்லாததால், அதற்காக ஒருமுறை அளவீட்டை ஓட்ட வேண்டியிருந்தது. முன் ஸ்பீக்கர்களை அது மறுபடியும் லார்ஜ் என்றே எழுதியிருந்தது, மாற்றிவிட்டேன்.