சவுண்ட்பாரா, ரிசீவரும் ஸ்பீக்கர்களுமா?

புது டிவியில் படம் பளிச்சென்று இருக்கும், வசனம் மட்டும் தொண்டை கட்டியவர் பேசுவது போலக் கேட்கும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்பக்கமோ இருப்பதால் வரும் வினை இது. மருந்து இரண்டு: டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியான சவுண்ட்பார் (சுருக்கமாக பார்), இல்லையென்றால் தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் என்ற பெட்டி.

செலவு: பார் குறைவு. ரிசீவர் என்றால் ஸ்பீக்கர், வயர், ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றும் பணம் கேட்கும்.

பொருத்துவது: பாருக்கு ஒரே எச்டிஎம்ஐ கேபிள், டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வசதி) என்று போட்டிருக்கும் துளையில் செருகினால் சரி (வேறு துளையில் செருகிவிட்டு அரை நாள் முழித்தவன் நான்). ரிசீவரில் 5.1 அமைப்பு என்றால் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த 'தும் தும்' ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர், சோபாவுக்குப் பின்னால்வரை வயர் இழுக்க வேண்டும், வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

உழைப்பு: இங்கேதான் ரிசீவர் ஜெயிக்கிறது. பாருக்குள் ஒரு போர்டு போனால் பெரும்பாலும் மொத்தமும் போச்சு. ரிசீவர் பழசானால் அதை மட்டும் மாற்றலாம், நல்ல ஸ்பீக்கர் 20 வருஷம்கூட ஓடும்.

சத்தம்: பல பார்கள் ஒலியைச் சுவரில் பட்டுத் தெறிக்க வைத்துத்தான் சுற்றொலி காட்டுகின்றன, ஒரு பக்கம் திறந்த ஹாலில் அது எடுபடாது.

சின்ன அறை, வாடகை வீடு, செய்தியும் சீரியலும்தான் என்றால் பார் போதும். படம்தான் உயிர் என்பவர்கள் ரிசீவருடன் முன் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் வாங்குங்கள், மற்றதை அப்புறம் சேர்க்கலாம்.