புளியந்தீவு மொழிபெயர்ப்புக் கடை: பழைய குடிபோதை வழக்கோடு போனவனின் அனுபவம்

எங்கள் தங்கச்சி கனடாவில், ஸ்காப்ரோவில் வேலை பெர்மிட்டில் இருக்கிறாள், அவள் புருஷன் விசிட்டராகப் போய் அங்கேயே நின்றுகொண்டு தங்கும் காலத்தை நீடிக்க விண்ணப்பிக்க வேண்டிய கட்டம். சிக்கல் என்னவென்றால், மச்சானுக்கு 2011 சித்திரை வருஷப்பிறப்பன்று குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் வந்து பலூன் ஊதி மாட்டிய வழக்கு ஒன்று உண்டு. தண்டப்பணம் கட்டினான், லைசன்ஸை ஒரு வருஷம் நிறுத்தினார்கள், அதோடு முடிந்த கதை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். நம்மூரில் அதை ஆர் குற்றமென்று எடுக்கிறது? கனடாக்காரன் எடுக்கிறான்.

குற்றம் ஏதும் செய்ததுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி, அதற்கு என்ன எழுதுவதென்று முதலில் ஒரு முகவரிடம் கேட்டோம். "பழைய கேஸ்தானே, இல்லை என்று போடுங்க" என்றார். முதல் விசாவுக்கு மச்சான் ஆம் என்று எழுதியிருந்தான், இப்போது இல்லை என்று போட்டால் அதுவே பொய்த்தகவல் ஆகிவிடும், பிடிபட்டால் ஐந்து வருஷம் அந்த நாட்டுப் பக்கம் போக முடியாது. அந்த மனிசனுக்குக் கட்டின முற்பணம் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

மறுகாதான் மட்டக்களப்பு புளியந்தீவில் இருக்கிற இந்த மொழிபெயர்ப்புக் கடைக்குப் போனேன். சின்ன அறை, காற்றாடி சுற்றுமே தவிர காற்று வராது, காசு மட்டும்தான் வாங்குவார்கள், போன் எடுக்கவே மாட்டார்கள். ஆனால் அங்கே இருக்கும் அக்கா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், வேலை தெரிந்த ஆள். நான் கொண்டுபோன தண்டப்பண ரசீதைப் பார்த்துவிட்டு, "இது காணாது தம்பி, நீதவான் நீதிமன்றத்தில வழக்கு இலக்கத்தைச் சொல்லி அத்தாட்சிப் பிரதி எடுத்துட்டு வாங்க, லைசன்ஸ் எப்ப திரும்பக் கிடைச்சதெண்டும் அதில இருக்கணும்" என்றார். ஏனென்றால் தண்டனை முடிந்த நாளிலிருந்துதான் வருஷம் எண்ணுவார்களாம். சின்ன அளவிலான ஒரேயொரு குற்றமென்றால் முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகு திருந்தியவராகவே கணக்கில் எடுக்க வாய்ப்புண்டு, ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அதற்கென்று தனி விண்ணப்பம் போடலாம். மச்சானுடையது 2012இலேயே முடிந்துவிட்டது. 2018 டிசம்பரில் கனடாவில் இந்தக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டினார்கள், நல்லகாலம் அவனுடையது அதற்கு முந்தியது.

பிரதி எடுக்க நாலு தரம் அலைந்தேன், அது கடையின் பிழையில்லை. கடையில் உண்மையான வேலை பெயரில்தான் வந்தது. நீதிமன்றத் தாளில் தமிழில் அப்பா பெயரும் முதலெழுத்துமாக ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் வேறு மாதிரி. வேறு ஆளென்றால் காதில் விழுகிறபடி எழுத்துக்கூட்டித் தந்திருப்பார், மச்சான் இரண்டு ஆளாகியிருப்பான். அந்த அக்கா பாஸ்போர்ட் எழுத்தையே போட்டு, மூலத்தில் எப்படி இருக்கிறதென்று கீழே குறிப்பும் எழுதினார். ஒரு திகதியை மட்டும் பிழையாக அடித்துவிட்டார், காட்டியதும் பேசாமல் திருத்தித் தந்தார். ஒரு பக்கத்துக்கு 1500 ரூபாய், நாலு பக்கம்.

படிவத்தையும் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றார். "அது என்ட வேலையில்ல, காசு வாங்கிச் செய்யிறதெண்டா அங்க லைசன்ஸ் உள்ள ஆலோசகரோ லோயரோதான் செய்யணும், அவங்கட பேர் பதிவில இருக்கா எண்டு பாருங்க." எனக்கு அந்த இடத்தில்தான் மரியாதை வந்தது. மட்டக்களப்பில் எத்தனை போர்டு தொங்குகிறது, இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

தங்கச்சி அங்கேயே ஒரு ஆலோசகரைப் பிடித்து, மச்சான் தங்கும் திகதி முடிய ஒரு மாதத்துக்கு முன்னமே 100 டொலர் கட்டி அனுப்பினாள். முடிவதற்கு முன் அனுப்பினால் பதில் வரும்வரை சட்டப்படி தங்கலாம். அப்புறம் நீடிப்பும் கிடைத்தது.

காலையில் போவதென்றால் பத்து மணிக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கதவு திறக்காது. போட்டோகொப்பியும் வெளியில் எடுத்துக்கொண்டே போங்கள், அவர்களுடைய மெஷின் கோடு கோடாக அடிக்கும்.