உகந்தமலைத் திருவிழாவுக்கு ‘முகாம் தங்குமிடம்’ என்று முற்பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள்

கடந்த ஆடியில், இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள உகந்தமலை முருகன் கோயில் தீர்த்தத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து இதை எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது நான் நம்பிக் காசு கட்டிய அதே முகாம் விளம்பரம் போன கிழமை மறுபடி என் போனுக்கு வந்தது. அதே படம், அதே வசனம், விலை மட்டும் கூடியிருக்கிறது. இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோயில்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயில்காரர்களும், அன்னதான மடத்தில் இரவு பகலாக நின்ற பொடியன்களும் இல்லாவிட்டால் அம்மாவை எப்படி வீடு கொண்டுவந்து சேர்த்திருப்பேனோ தெரியாது. என் முறைப்பாடு, கோயிலுக்கு வெளியே தறப்பாள் கட்டி ‘மலையடிவார முகாம்’ என்று காசு வாங்கிய ஆட்கள்மீதுதான்.

அம்மாவுக்கு 67 வயது. இளமையில் களுவாஞ்சிகுடியிலிருந்து கதிர்காமத்துக்கு மூன்று தரம் பாதயாத்திரை போனவர். உகந்தையில் தங்கி, காட்டுப் பாதை திறந்ததும் குமுக்கன் ஆற்றைக் கடந்து நடந்த கதையை எங்களுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லுவார். இப்போது முழங்கால் விடாது. “நடக்கத்தான் ஏலாது, உகந்தையில தீர்த்தமாவது ஆடிட்டு வருவம் புள்ள” என்றார். அந்த வயதில் அவரை வெறும் மணலில் படுக்க வைக்க மனம் வரவில்லை. அதனால்தான் தங்குமிடம் தேடினேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 2 இரவு, ஆளுக்கு 4,500 ரூபாய். மெத்தையோடு கூடாரம், குடும்பத்துக்குத் தனி மலசலகூடம், குளிக்கத் தண்ணீர், இரவு முழுவதும் ஜெனரேட்டர் வெளிச்சம், மூன்று வேளை சைவச் சாப்பாடு, பொத்துவிலிலிருந்து வான். நாங்கள் 7 பேர், 31,500 ரூபாய். பாதியை முதலில் போடுகிறேன் என்றதற்கு, “திருவிழாச் சனம் அக்கா, முழுக்காசும் போட்டால்தான் இடம் பிடிக்கலாம்” என்றார் போனில் பேசிய தம்பி. ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போட்டேன். பற்றுச்சீட்டு கேட்டேன், வந்ததும் தருகிறோம் என்றார்கள்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைக் கூடாரங்கள், பின்னால் பனிமூட்டம், வரிசையாகப் பைன் மரங்கள். உகந்தமலை கடலோரத்துப் பாறை. சுற்றிலும் பாலையும் வீரையும் முட்பற்றையும், அப்பால் மணல் மேடு. அங்கே ஆடியில் ஏது பனி, ஏது பைன்? நுவரெலியாப் பக்கத்துப் படம் அது. அதை மீண்டும் போட்டிருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன், கண்டால் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் கடந்து பொத்துவிலுக்கு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றரை வரைக்கும் வான் வரவில்லை. பிறகு “வான் பழுது, பஸ்ஸில வாங்க” என்று ஒரு செய்தி. திருவிழாவுக்கு விட்ட விசேட பஸ்ஸில் நெரிபட்டு, அறுகம்குடா, பாணமை தாண்டிப் புழுதியோடு புழுதியாய் இறங்கினோம். ‘கோயிலிலிருந்து இரண்டு நிமிட நடை’ என்று சொன்ன முகாம், வந்த வழியிலேயே ஒரு கிலோமீற்றருக்கு மேல் பின்னால் இருந்தது.

நான்கு கம்பு, மேலே நீலத் தறப்பாள், பக்கத்துக்குப் பழைய சேலை. மெத்தை என்றது மண்ணில் விரித்த பாய். கிழக்கில் ஆடி மாதக் கச்சான் காற்று எப்படி வீசும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தறப்பாள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, வாயிலும் கண்ணிலும் மணல். தங்கச்சியின் சின்ன மகன் அன்று இரவு தூங்கவே இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மலசலகூடம். தகரம் அடைத்த இரண்டு குழி, ஒன்றுக்குக் கதவு இல்லை, சாக்குத்தான். அன்று பின்னேரம் அந்த முகாமில் நான் எண்ணியபோது 80 பேருக்கு மேல். தண்ணீருக்கு ஒரு நீல பெரல், அதில் கயிற்றால் கட்டிய வெட்டின போத்தல். இருட்ட முன்பே அடியில் நாலு விரல் தண்ணீர்தான் கிடந்தது, அதிலும் நுளம்புக் குடம்பி நெளிந்தது. கேட்டால் “பவுசர் வரும்” என்றார்கள். வரவில்லை. ஒன்பதரைக்கு ஜெனரேட்டரையும் நிற்பாட்டிவிட்டார்கள்.

அந்த இடம் குமண தேசியப் பூங்காவின் வாசல். யானை, சிறுத்தை, கரடி எல்லாம் உள்ள காடு. அந்த இருட்டில் பெண்கள் நாங்கள் ஆறேழு பேராகச் சேர்ந்து, போன் வெளிச்சத்தில் பற்றைப் பக்கம் போய் வந்தோம். அம்மா வரவில்லை. “எனக்குத் தேவை இல்ல, நீங்க போங்க” என்றார். பின்னேரத்திலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அடுத்த நாள்தான் தெரியவந்தது. இரவில் வெளியே போக வேண்டிவருமே என்று தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

சாப்பாட்டு விஷயம் இன்னொன்று. இரவு வெள்ளை வாளியில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வந்தன. நல்ல சாப்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். அடுத்த நாள் மதியம் அம்மாவோடு கோயிலடி அன்னதான மடத்துக்குப் போனபோது, அதே முகாமின் இரண்டு பொடியன்கள் அதே வெள்ளை வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். “வயசான சாமிமார் நடக்க ஏலாம இருக்காங்க எண்டு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க அக்கா” என்றார். நான் காசு கட்டித்தான் அங்கே தங்கியிருக்கிறேன் என்றதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். யார் யாரோ நேர்த்திக்கு அள்ளிக்கொடுத்த அரிசி அது. அதைத்தான் எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

அந்த வரிசையிலேயே அம்மா சரிந்து விழுந்தார். முதலுதவிக் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது என்றார்கள். ஜீவனி (நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஒரு மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன்.

முகாம் பொறுப்பாளரிடம் போய் மிச்சக் காசையாவது தாருங்கள் என்றேன். “இது திருவிழா அக்கா, ஹோட்டல் இல்ல. சாமியிட்ட வந்து கணக்குப் பாக்கலாமா?” என்றார். காசு வாங்கும்போது கணக்குப் பார்த்தது அவர்தான். வீட்டுக்கு வந்து போன் எடுத்தால் என் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறார்.

அன்று இரவு மடத்து மண்டபத்தில் இடம் கேட்டோம். சனம் நிறைந்திருந்தும் நகர்ந்து இடம் தந்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை. விடியக் கடலில் தீர்த்தம், அரோகரா சத்தம். தங்கச்சியும் நானும் இரண்டு பக்கமும் பிடிக்க, அம்மா அலையில் இறங்கி மூன்று தரம் மூழ்கினார்.

இந்த வருடம் போகிறவர்களுக்கு: காசு கட்டித்தான் தங்க வேண்டுமென்றால், பொத்துவில், அறுகம்குடாப் பக்கம் பதிவுள்ள விடுதியில் தங்கி, விடியற்காலையில் உகந்தைக்கு வாருங்கள். ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். முகாம் என்று யாராவது சொன்னால் எத்தனை மலசலகூடம், எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து என்று கேளுங்கள், இன்று எடுத்த வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். முழுக்காசையும் முன்கூட்டியே போடாதீர்கள். போகும்போது பாய், டோர்ச், ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர், இரண்டு ஜீவனிப் பக்கட் கட்டாயம். வயதானவர்கள் கூட வந்தால் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள், கேட்டால் குடித்தேன் என்றுதான் சொல்லுவார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரத்தையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நானும் பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அதே பைன் மரப் படத்தை நம்பிக் காசு போட்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், உங்கள் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அம்மா இந்த ஆடிக்கும் போகத்தான் வேண்டும் என்று நிற்கிறார். நாங்கள் மடத்துக்கு இரண்டு மூட்டை அரிசியோடு போகிறோம்.