கீழக்கரைக் கல்யாண வீடுகளுக்குள் ஒரு 50 எம்எம் லென்ஸ்: நான்கு வருட அனுபவம்

2021-இல் மதுரையில் ஒரு முழு பிரேம் மிரர்லெஸ் கேமராவும் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸும் வாங்கினேன். இரண்டும் கைமாறி வந்தவை. அன்றிலிருந்து என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு லென்ஸில்தான் நடக்கிறது. ஊர் ராமநாதபுரம். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் கல்யாண வீடுகளில் பெண்கள் இருக்கும் பகுதியில் படம் எடுப்பது வேலை. பல வீடுகளில் அந்தப் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரக் கூடாது. அதனால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கீழக்கரையில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து போவார். அதனால் பெண்வீட்டு விசேஷம் முக்கால்வாசி அந்த வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். நான் போகிற வீடுகள் பெரும்பாலும் பழையவை, நீளமானவை. முற்றத்தில் விழும் வெளிச்சம் நாலடிக்கு மேல் உள்ளே வராது. அதைத் தாண்டினால் ஒரு ட்யூப்லைட், மூலையில் ஒரு மஞ்சள் பல்பு, வீடியோ எடுக்கிற பெண் பிடித்திருக்கும் எல்இடி விளக்கு. சுவர் பச்சை, உத்தரம் தேக்கு. பத்துப் பேர் உட்காரும் அறையில் நாற்பது பேர். அதில் பாதி குழந்தைகள், ஒன்றும் ஒரு இடத்தில் நிற்காது.

இந்த லென்ஸ் கைக்கு வரும் முன், முதல் கல்யாணத்துக்குக் கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஜூமை இழுத்தால் அது எஃப்5.6-க்குப் போய்விடும்; எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சுருங்கும், வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றினால் படத்தில் புள்ளிகள் வருமே என்று பயந்து ஷட்டரை 1/60 நொடியில் வைத்தேன். மணப்பெண் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் தெளிவாக வந்தது. சுற்றிக் கைதட்டிப் பாடிய பெண்கள் அத்தனை பேருக்கும் கை இருந்த இடத்தில் வெள்ளைப் புகைதான். அந்தக் கைகள்தான் அன்றைய கல்யாணமே. மறுநாள் பெண்ணின் உம்மாவிடம் படத்தைக் காட்டும்போது எனக்கு நாக்கு எழவில்லை.

எஃப்5.6-ஐ விட எஃப்1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தரும். 1/60-இல் எடுத்ததை அதே ஐஎஸ்ஓவில் 1/500-க்குக் கொண்டுபோகலாம். இதைக் கணக்காகத் தெரிந்து வைத்திருப்பது வேறு, ஓடி வரும் குழந்தையின் தலைமுடி ஒவ்வொன்றாகப் படத்தில் நிற்பதைப் பார்ப்பது வேறு. லென்ஸ் கைக்கு வந்த முதல் வாரம் வீட்டில் அக்கா மகனை ஓடவிட்டு ஓடவிட்டு எடுத்தேன்.

ஆனால் அந்த வெளிச்சத்துக்கு விலை உண்டு. எஃப்1.8-இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் உள்ள ஆளை எடுத்தால் தெளிவாக இருக்கும் பகுதி சுமார் 10 சென்டிமீட்டர். கண் தெளிவாக இருந்தால் காது கலங்கும். பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் நின்றால் அவர் முகம் போச்சு. அப்புறம் ஆல்பத்தைத் திறந்தவுடன் முதல் கேள்வியே "மாமி முகம் ஏன் மங்கலா இருக்கு?" என்பதுதான். துளையைச் சுருக்கினால் தெளிவான பகுதி கூடும் என்பதால் ஒரு வருடம் கழித்து எஃப்2.8-க்கு மாறிவிட்டேன். ஒருவர் மட்டும் என்றால்தான் 1.8. இரண்டு வரிசை என்றால் 2.8-க்குக் கீழே போவதே இல்லை, ஐஎஸ்ஓ 6400 ஆனாலும் சரி. 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் அடித்து வந்தபோது அந்தப் புள்ளிகளை ஒருவரும் கேட்டதில்லை. அசைந்த முகத்தைக் கேட்காதவர் ஒருவரும் இல்லை.

இப்போது என் வழக்கம் இது. அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளை) ஷட்டரையும் நானே வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுகிறேன், உச்ச வரம்பு 12800. நடப்பவர்களுக்கு 1/200, கைதட்டலுக்கும் ஓடும் பிள்ளைகளுக்கும் 1/320-இலிருந்து 1/500.

இங்கேதான் ட்யூப்லைட் குறுக்கே வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். துஆ (பிரார்த்தனை) ஓதும்போது சத்தம் வரக் கூடாதே என்று ஒருமுறை சைலன்ட் ஷட்டரில் போட்டு 200 படத்துக்கு மேல் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தால் எல்லாவற்றிலும் குறுக்கே இருண்ட பட்டைகள், ஜமக்காளக் கோடு மாதிரி. சைலன்ட் ஷட்டரில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவாகிறது. விளக்கு மங்கும் நேரத்தில் பதிவான வரிகள் கறுத்துவிடுகின்றன. 1/100-இல் எடுத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு முழுச் சுற்று வெளிச்சத்தை வாங்கிவிடும், பட்டை வராது. ஆகவே துஆ என்றால் 1/100, எல்லோரும் அசையாமல் இருக்கிற நேரம் அது, போதும். மற்ற நேரம் மெக்கானிக்கல் ஷட்டர், கூடவே மெனுவில் உள்ள ஃபிளிக்கர் குறைக்கும் வசதி. அது விளக்கு பிரகாசமாகும் கணத்துக்குக் காத்திருந்து சொடுக்கும். கொஞ்சம் தாமதிக்கும், அதற்குக் கை பழகிவிட்டது.

ஃபிளாஷ் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. முயன்றேன். மேலே அடித்தால் தேக்கு உத்தரத்தில் பட்டு எல்லார் முகமும் பழுப்பாகிறது. பக்கச் சுவரில் அடித்தால் பச்சை. நேராக அடித்தபோது ஒரு ராத்தா (அக்கா) என் கையைப் பிடித்து, "எம்மா, அந்தப் பளிச்ச நிப்பாட்டு, புள்ளைக்குக் கண்ணு கூசுது" என்றார். மருதாணி போட்ட கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் மணப்பெண் தவித்துக்கொண்டிருந்தாள். அன்றோடு அதைப் பையில் வைத்தேன். இப்போது நான் முன்கூட்டியே போய்ச் செய்வது ஒன்றுதான். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிரே ஒரு வெள்ளைத் துப்பட்டியைக் கொடியில் தொங்கவிடச் சொல்கிறேன். பச்சைச் சுவர் மறைகிறது, நிழல் விழும் கன்னத்திலும் கொஞ்சம் வெளிச்சம் ஏறுகிறது. பிறகு அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆட்கள் வரட்டும் என்று காத்திருக்கிறேன். தொதல் இனிப்புத் தட்டை ஏந்தியவர், பேத்தியை இடுப்பில் வைத்த பாட்டி, எல்லோரும் எப்படியும் அந்த வழியாகத்தான் வருவார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஓடிய காலத்தை விட நின்ற இடத்தில் கிடைத்த படங்கள்தான் அதிகம்.

மண்டபங்களில் வண்ண எல்இடி இருந்தால் மட்டும் தடுமாறுகிறேன். நீலமும் ஊதாவும் முகத்தில் விழுந்தால் ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தாலும் தோல் நிறம் திரும்ப வருவதில்லை. அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுக்கிறேன்.

லென்ஸின் உடம்பு பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிப்பது வெகு சுலபம். இரண்டாம் வருட மழைக்காலம் முடிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒன்று. உடனே சுத்தம் செய்யக் கொடுத்ததால் தப்பியது. அதன்பின் ரப்பர் வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பத மானி. 45 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். ஏசி காரிலிருந்து இறங்கி நேராகக் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் பனிபோல் மூடிக்கொள்ளும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே இருக்க வேண்டும், அதற்காக நான் சீக்கிரமே கிளம்பிவிடுகிறேன்.

இப்போது ஃபோகஸ் வளையம் ஒரு இடத்தில் கரகரவென்று பிடிக்கிறது. நான்கு வருட உப்புக்காற்று. சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வியாழன் பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணம். அதற்குள் வரவில்லை என்றால் தோழியின் 35 எம்எம்மோடு போவேன். துப்பட்டிக்கு இன்றே சொல்லிவிட்டேன்.