கைக்காசா, கையெழுத்தா?

சிறிய நாட்டைப் பெரிய நாடு நெருக்கும்போது அதைத் தாங்கிப் பிடிக்க எந்த உதவி பயன்படும்? பசிபிக் தீவுகளைப் பற்றிய ஒரு விவாதத்தில் நான் ஒரு பக்கம் நின்று பேச வேண்டியிருந்தது. அரசியல்வாதிகளின் கையில் அவ்வப்போது தரும் கைக்காசு உதவியா, கையெழுத்திட்ட நீண்டகால ஒப்பந்த உதவியா என்பதே கேள்வி. நான் ஒப்பந்த உதவியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் என் கருத்து அதுதான்.

தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா, அதனுடன் தூதரக உறவு வைத்திருக்கும் சிறிய நாடுகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. இதில் கைக்காசு உதவி நிற்காது என்பதற்குச் சாலமன் தீவுகளே போதுமான சான்று. அங்கே எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதிக்குத் தைவான் பல ஆண்டுகள் பணம் கொடுத்தது. ஆனாலும் தைவானுடன் 1983 முதல் நீடித்த தூதரக உறவு 2019 செப்டம்பரில் முறிந்தது. சில நாள்களில் இன்னொரு தீவு நாடான கிரிபாட்டியும் தைவானை விட்டு விலகியது. பிறகு அதே நிதிக்குச் சீனா பணம் தந்தது. கொடுப்பவரை மாற்றினாலும் வாங்குபவருக்கு நட்டமில்லாத உதவி அது.

பலாவ் கதை வேறு. சுமார் 18,000 பேர் வாழும் அந்த நாட்டுக்கு 2015இல் வந்த பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சீனர்கள். தைவானைக் கைவிட மறுத்த பலாவுக்கு 2017 இறுதியில் சீனா குழுச் சுற்றுலாவைத் தடுத்தது. விடுதிகள் வெறிச்சோடின, ஹாங்காங் விமானச் சேவையும் அடுத்த ஆண்டு நின்றது. அப்போதும் பலாவ் பணியவில்லை. அதற்கு அந்நாட்டுத் தலைவர்களின் உறுதியே முதற்காரணம் என்பேன். ஆனால் 1994 முதல் அமெரிக்காவுடன் உள்ள ஒப்பந்தமும் முதுகுக்குப் பின்னால் இருந்தது: அரசுக்கு நிதி, நாட்டுக்குப் பாதுகாப்பு, மக்களுக்கு விசா இல்லாமல் அமெரிக்காவில் வேலை. அடி சுற்றுலாவில் விழுந்தது, கஜானா முழுவதிலும் அல்ல.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது பணம் வந்து சேரும் நேரம். அந்த ஒப்பந்தத்தின்படி பலாவுக்குப் பணம் தர 2010இல் கையெழுத்தான நிதி உடன்பாட்டை அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல்தான் முழுமையாக நிறைவேற்றியது. எட்டு ஆண்டுகள் இடைக்கால ஒதுக்கீட்டிலேயே ஓட்டம். 2023 மே மாதம் கையெழுத்தான புதிய உடன்பாடும், 20 ஆண்டுகளுக்கு 88.9 கோடி டாலர், 2024 மார்ச்சில்தான் சட்டமானது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நெருக்குபவருக்கே சாதகம். எனவே தொகையைவிட, தவணை தவறாமல் வருமா என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

இந்த உதவிக்கும் விலை உண்டு. பிற நாட்டுப் படைகளைத் தன் எல்லைக்குள் விடாமல் தடுக்கும் உரிமையைப் பலாவ் அமெரிக்காவிடம் கொடுத்திருக்கிறது. லட்சக்கணக்கில் மக்கள் உள்ள நாடுகளுக்கு இதே வழி பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியா, துவாலு என்ற மிகச் சிறிய பசிபிக் நாட்டுடன் 2023இல் செய்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 280 பேருக்குக் குடியேற இடம் தருகிறது. துவாலு அளவுக்கு அது பெரிய எண்ணிக்கை, சாலமன் தீவுகளுக்குக் கடலில் கரைத்த பெருங்காயம்.