மின்சார டூத் பிரஷ்: நல்ல கருவி, திறக்க முடியாத அடிப்பாகம்

விழாக்காலத் தள்ளுபடியில் மின்சார டூத் பிரஷின் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது, வாங்கலாமா என்று கோவையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவர் கேட்ட வாரத்தில்தான் என்னுடைய பிரஷ் சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்ப்பவர் ஒருவரின் மேசைமீது பிரிந்து கிடந்தது. அந்தச் சூட்டில் போனில் ஏதோ சொன்னேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். கோபம் மட்டும் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

என்னிடம் இருப்பது வட்டத் தலை இடவலமாகச் சுழன்று திரும்பும் வகை. அதிகமாக அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். முப்பது விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன உதறல், இரண்டு நிமிடம் ஆனதும் நீண்ட உதறல். மற்ற விவரங்கள் விற்பனைப் பக்கங்களில் எல்லாம் இருக்கின்றன. பல வருடம் காலையும் இரவும் பயன்படுத்திய பிறகு தெரியவருவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம். நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் திறக்கும் இடம் அதற்கு நேர் கீழே இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே பல்லில் படிந்திருக்கும் கிருமிப் படலத்தில் இறங்கி, அதைக் காரையாக இறுக்கிவிடுகின்றன. கடைவாயில் மேல்வரிசையின் கன்னப் பக்கமும் அப்படித்தான். அங்கே இன்னொரு சுரப்பியின் வாய் இருக்கிறது. சாதாரண பிரஷின் நீளத் தலையை முன்பற்களின் உட்புறம் நிமிர்த்திப் பிடிப்பது எவருக்கும் சிரமம், ஏனென்றால் பல்வரிசை அங்கே வளைகிறது. இந்தச் சின்ன வட்டத் தலை ஒரு பல்லின் அகலம்தான். அந்த வளைவுக்குள் எளிதாக இறங்கி, ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறது. அது வந்த பிறகு அந்த இடத்தை நாக்கால் தடவினால் மொரமொரப்பு இல்லை. சுத்தம் செய்துகொள்ளப் போகும்போதெல்லாம் என் பல் மருத்துவர் நெடுநேரம் சுரண்டிக்கொண்டிருந்த இடம் அதுதான். இப்போது அங்கே சீக்கிரம் முடித்துவிடுகிறார். ஈறில் அவ்வப்போது கசிந்த ரத்தமும் நின்றுவிட்டது. இதற்காக இந்தக் கருவிக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

சிவப்பு விளக்கையும் விட்டுவிடக்கூடாது. அழுத்தித் தேய்த்தால்தான் பல் சுத்தமாகும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஈறு மேலேறி, பல்லின் கழுத்துப்பகுதி தேய்ந்து, ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீரென்று கூசும் நிலைக்கு வந்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! இந்த விளக்கு எரியும்போதே கை தானாக இளகுகிறது. ஆனால் கூர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: கையைத் தேய்ப்பதுபோல் ஆட்டக்கூடாது. பல்லும் ஈறும் சேரும் கோட்டில் வைத்து, ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு மெல்ல நகர்த்தினால் போதும். தேய்க்கும் வேலை மோட்டாருடையது. இதைப் புரிந்துகொள்ளாமல் மின்சார பிரஷை வைத்துக்கொண்டும் முன்போலவே ‘வரக் வரக்’ என்று இழுப்பவர்களுக்கு அது கைப்பிடி தடித்த சாதாரண பிரஷாகத்தான் இருக்கும்.

விளம்பரம் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களின் பல்லில் படலம் முதல் மூன்று மாதங்களில் 11 சதவீதமும், அதற்குப் பிறகு 21 சதவீதமும் குறைவாக இருந்தது. ஈறு அழற்சியில் அந்த அளவுகள் 6, 11 சதவீதம். உண்மையான பயன்தான், அற்புதம் இல்லை. ஈறுக் கோட்டில் பிரஷை நாற்பத்தைந்து பாகை சாய்த்து, பொறுமையாக இரண்டு நிமிடம் துலக்குகிறவருக்கு நாற்பது ரூபாய் பிரஷே போதும். அந்தப் பொறுமை அவசரக் காலைகளில் வாய்க்காது என்பதால்தான் எனக்கு இது உதவியது. கைவிரல்களில் மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும். தடித்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினாலே வேலை நடந்துவிடுகிறது.

இனி பேட்டரி.

தொடக்கத்தில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியது. வாரண்டி முடிந்த சில காலத்தில் அது குறையத் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு இரவும் சார்ஜரிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் வலப்பக்கம் முடித்து இடப்பக்கம் திரும்புவதற்குள் நின்றது. பழைய செல்லில் உள் மின்தடை ஏறிவிடும். மோட்டார் இழுத்தவுடன் வோல்ட் சரியும். சர்க்யூட் அதைக் கண்டு நிறுத்திவிடும். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, பொத்தானுக்கு ஒன்றும் இல்லை, விளக்குகூட எரிகிறது. போனது ஒரே ஒரு செல்.

சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றேன். “வாரண்டி முடிந்துவிட்டது சார். இதைப் பழுதுபார்ப்பதில்லை. இதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்” என்றார் அங்கிருந்த பெண். அவர்மீது குறையில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். பேட்டரி மட்டும் கிடைக்குமா என்று கேட்டதற்கு, அப்படி ஒரு பாகமே தங்கள் பட்டியலில் இல்லை என்றார். பெட்டியோடு வந்த கையேட்டை வீட்டில் தேடிப் பார்த்தால், ஆயுள் முடிந்த பிறகு பேட்டரியை வெளியே எடுப்பது எப்படி என்று படமே போட்டிருக்கிறார்கள். திறந்தால் கருவி கெட்டுப்போகும் என்று பக்கத்திலேயே எச்சரிக்கை. எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மாற்றிப் போடும்படி செய்யத் தெரியாதா?

ரிச்சி தெருவில் அந்தப் பழுதுபார்ப்பவர் முதலில் தயங்கினார். “திறந்துவிடலாம் சார், தண்ணீர் புகாதபடி மூடுவதுதான் பெரிய வேலை” என்றார். அடிமூடியைத் திருகி நெம்பி எடுத்து, உள்ளே இருந்த சட்டத்தை மெதுவாக வெளியே இழுத்தார். அடியில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். சார்ஜரிலும் இதுபோல் ஒன்று இருக்கிறது. இரண்டும் தொடாமலேயே டிரான்ஸ்பார்மர் முறையில் மின்சாரம் கடக்கிறது. தண்ணீரில் புழங்கும் பொருளுக்கு மிகச் சரியான ஏற்பாடு, அதை வடிவமைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தக் கம்பி அறுந்தால் எல்லாம் முடிந்தது என்பதால் அவர் அதை நகர்த்தியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய செல் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இரு முனைகளிலும் உலோகத் தகடு ஒட்டிய புதிய செல்லாகத் தேடி வாங்கிவந்தார். தகடு இல்லாத செல்லின்மேல் நேரடியாகப் பற்றவைத்தால் சூட்டில் செல் கெடும். ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடினார். மொத்தச் செலவு, இந்த பிரஷுக்கு இரண்டு மாற்றுத் தலைகள் வாங்கும் பணம். இப்போது புதிது வந்த நாளில் இருந்ததுபோல் ஓடுகிறது.

இவ்வளவு எளிதில் முடியக்கூடிய வேலைக்காக ஒரு முழுக் கருவியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்பதுதான் என்னால் ஏற்க முடியாதது. தண்ணீர் புகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பேட்டரிச் சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது: 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருள்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் புழங்கும், கழுவத்தக்க கருவிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. நிறுவனத்தைச் சாராத தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் கழற்றி மாற்றக்கூடியதாக அது இருக்க வேண்டும். நான் கேட்பதும் அவ்வளவுதான். நானே திறக்க வேண்டாம்; தெருமுனையில் தொழில் தெரிந்த ஒருவர் திறக்க முடிந்தால் போதும். அடியில் இரண்டு திருகாணி, கடையில் தனியாகக் கிடைக்கும் ஒரு ரப்பர் வளையம், எண் போட்டு விற்கும் ஒரு செல். கைக்கடிகாரங்களில் பல காலமாக இதைத்தானே செய்கிறார்கள்? நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று அதில் பேசப்படுகின்றன. சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் இந்தச் சின்னப் பொருளுக்கும் அந்த உரிமை வேண்டும்.

மற்றக் குறைகள் சிறியவை. தலையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு வழவழப்பு சேரும். துலக்கி முடித்ததும் தலையைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாகக் கழுவி வைத்தால் வராது. மூன்று மாதத்துக்கொருமுறை, அல்லது இழைகள் விரிந்ததும், தலையை மாற்ற வேண்டும். அந்தச் செலவு ஓயாத செலவு. நம் குளியலறைகளில் கீசருக்குத் தவிர வேறு பிளக் இருப்பது அரிது என்பதால் சார்ஜருக்குப் படுக்கையறையில் இடம் பார்க்க வேண்டும். பற்பசை தெறிக்காமல் இருக்க, வாய்க்குள் வைத்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

பற்களுக்கு இடையில் இந்த பிரஷும் போகாது. அதற்கு நூலோ, இடைவெளி அகன்றவர்களுக்குச் சின்னக் குச்சி பிரஷோ தனியாக வேண்டும். இரவில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் படுக்கும்முன் துலக்குவதைத் தவறவிடக்கூடாது. துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு வாய்கொப்பளிக்காமல் விட்டால் பற்பசையில் உள்ள புளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களும் இந்தச் செலவில்லாத வேலைகளை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது அவருக்கு விசித்திரமாகப் படலாம். என் பற்களுக்கு இந்தக் கருவி நல்லதே செய்தது, கைவசம் இருக்கும் இதை நான் விடப்போவதும் இல்லை. ஆனாலும், பேட்டரி போனால் தூக்கிப் போடு என்று சொல்பவர்களிடம் இன்னொருவரைப் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. மின்சார பிரஷ்தான் வேண்டும் என்றால் அடிமூடியைத் திருகி ஏஏ செல் போடும் வகை இருக்கிறது. வேகம் குறைவு, நான் பார்த்தவற்றில் அழுத்த விளக்கும் இல்லை. ஆனால் சார்ஜ் ஏற்றும் செல்லை வாங்கிப் போட்டுக்கொண்டால் பேட்டரிக்காக எவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. தள்ளுபடியில் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டார் என்றால், பெட்டியில் பேட்டரி வகை என்ன போட்டிருக்கிறது என்று குறித்துவைக்கட்டும். லித்தியம் செல்லின் மின்னழுத்தம் வேறு, சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டும் வேறு. நிக்கல் செல் இருந்த இடத்தில் அதைப் போடவே கூடாது, லித்தியம் இருந்த இடத்தில் நிக்கலும் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் போகும்போது இதை முதலில் சொல்ல வேண்டும்.